ரிசர்வ் சைட்டும் நான் எழுதிய நோட்டீசும்

ஒரு பெண் என்னை நம்பிக் கொடுத்த திட்டத்தை, அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவருக்கு எழுதிக் கொடுத்தேன். பிறகு, ஊர்க் கூட்டத்தில் அதையே அவர் சொல்ல எழுந்தபோது, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, புதிதாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றேன். இதில் எனக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் தமிழ் நடத்தியவன் நான். என்ன செய்கிறேன் என்பதற்குச் சரியான சொல் அன்றே எனக்குத் தெரிந்திருந்தது. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

போத்தனூர் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் குடியிருப்பு. மில் தொழிலாளிகள், ரயில்வேக்காரர்கள், என்னைப் போல் மாதச் சம்பளக்காரர்கள், சுற்றிலும் சின்னச் சின்னப் பட்டறைகள். தோட்டத்தை மனைகளாகப் பிரித்து விற்றபோது பொதுவுக்கென்று சட்டப்படி கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். கோயமுத்தூரில் அதை ரிசர்வ் சைட் என்போம். எங்களுடையது ஐம்பது சென்ட் இருக்கும். பத்து வருடமாக அதில் பார்த்தீனியச் செடிதான் விளைந்தது.

நான் அங்கே ஒரு படிப்பகத்துக்குச் செயலாளர். தையற்கடைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை, இரண்டு பெஞ்சு, நான்கு பத்திரிகை, மூன்று பீரோ. பீரோவில் கொள்ளாத புத்தகங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தோம். மழைக்காலத்தில் சாக்கு நனையும், நான் அவற்றை என் வீட்டு மொட்டை மாடியில் காயப்போடுவேன். அறைக்காரர் எஸ்.டி.டி. பூத் வைக்கப்போவதாகச் சொல்லி எங்களைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். ரிசர்வ் சைட்டில் படிப்பகத்துக்குச் சொந்தக் கட்டடம் ஒன்று எழுந்துவிட்டால் போதும், வேறு ஆசை இல்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

தொண்ணூறுகளின் நடுவில், பல வருட இடைவெளிக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நான்கைந்து வருடமாகக் கவுன்சிலர் கனவில் இருந்த ஆண்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் தங்கள் மனைவிமாரின் பெயரில் மனுத்தாக்கல் செய்யத் தயாரானார்கள். இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருந்த ஒருவர் அவர்களில் முக்கியமானவர். தோட்டம் விற்றுத் தொழிலுக்கு வந்த குடும்பம். கோவில் நோம்பித் திருவிழா என்றாலும் கல்யாணம் என்றாலும் அவர் வந்தால்தான் பந்தி ஆரம்பிக்கும். அவர் மனைவி வேட்பாளர். சுவரொட்டியில் அந்த அம்மா கும்பிட்டபடி இருப்பார், பக்கத்தில் கணவரின் படம் அதைவிடப் பெரியதாக இருக்கும்.

அவரை எதிர்த்து நின்றவர் மில்லில் கோன் வைண்டிங் பிரிவில் வேலை செய்த ஒரு பெண். நூலைக் கூம்பில் சுற்றும் பிரிவு அது. முப்பத்தைந்து வயதிருக்கும். எட்டாவது வரை படித்தவர். கணவர் இல்லை, ஒரு மகள். அவரும் அவரோடு வேலை செய்த பெண்களும் பகல் ஷிப்ட் முடிந்ததும் ரிசர்வ் சைட்டில் எறிபந்து ஆடுவார்கள். பார்த்தீனியத்தைப் பிடுங்கி எறிந்து, இடத்தைச் சமப்படுத்தி, இரண்டு கம்பம் நட்டு வலை கட்டியது அவர்கள்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் ஆடுவார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். நானும் ஸ்கூட்டரை நிறுத்திச் சிரித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அம்மணி என் வீட்டுக்கு வந்தார். கையில் மகளின் நோட்டிலிருந்து கிழித்த மூன்று தாள்.

"ஏனுங்க சார், நோட்டீஸ் அடிக்கோணுங்க. எனக்கு நாலு வரி சேர்ந்தாப்புல எழுத வராதுங்க. நீங்க பார்த்துத் திருத்திக் குடுத்தாப் போதுமுங்க."

"எல்லாரும் ரோடு, சாக்கடை, தண்ணினு சொல்றாங்க. நீங்க விளையாட்ட மட்டும் எழுதியிருக்கீங்களேம்மா" என்றேன்.

"சிறுவாணித் தண்ணி நான் சொன்னா வந்துருங்களா? அதைய எல்லாருந்தான் சொல்லுவாங்க. இது என்ற கைக்கு ஆகறதுங்க."

தாள்களைப் படித்தேன். எழுத்துப் பிழைகள் நிறைய. ஆனால் யோசனையில் ஒரு பிழை கூட இல்லை. ரிசர்வ் சைட்டில் கட்டடம் எதுவும் வேண்டாம், இடம் இடமாகவே இருக்கட்டும் என்று தொடங்கியிருந்தார். காலையில் நடக்கிறவர்கள், பள்ளி விட்டதும் குழந்தைகள். பொழுது சாய்ந்தபின் மூன்று நாள் பெண்களுக்கு, மூன்று நாள் வாலிபால் ஆடும் பையன்களுக்கு. மில் ஷிப்டு மாறும் நேரத்தைப் பார்த்து நேரம் பிரித்திருந்தார். எட்டு மணி வரை எரிய இரண்டு விளக்கு, ஒரு குழாய், பெண்களுக்கு ஒரு கக்கூஸ், சேலை மாற்ற ஒரு தடுப்பு. மாரியம்மன் நோம்பிக்கு முன்னால் கும்மி பழக ஒரு வாரம் எல்லாரும் விட்டுக்கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் வரலாம், எந்தச் சந்துக்காரர்கள் என்று கேட்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது இது: சுற்றுச்சுவர் வேண்டாம், கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் போதும்.

"சுவர் வேண்டாம்னு ஏன்?" என்று கேட்டேன்.

"சுவரு வந்தா கேட்டு வருமுங்க. கேட்டு வந்தா பூட்டு வருமுங்க. அப்பறம் சாவி ஆரு கையில இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் நாங்க வெளையாடப் போகோணுமுங்க."

நான் சிரித்தேன். அந்த இடத்தைப் பற்றி இத்தனை வருடம் மனுமேல் மனு எழுதியவன் நான். அங்கே யார் எப்போது வருவார்கள் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. என் மனுக்களில் அறிவு ஒளி, பண்பாட்டு மறுமலர்ச்சி எல்லாம் இருக்கும், ஒரு கக்கூஸ் இருக்காது. பொறாமை என்ற சொல்லை இப்போது எழுதுகிறேன். அப்போது அதற்கு, கட்டடம் வேண்டாம் என்கிறாரே, படிப்பகம் என்ன ஆவது என்ற கவலை என்று பெயர் வைத்திருந்தேன்.

"வெச்சுட்டுப் போங்க. எழுதி நானே அச்சுக்கூடத்துல குடுத்துடறேன்" என்றேன். அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் பவுண்டரிக்காரர் காரில் வந்தார். என் வீட்டு வாசலில் கார் நின்றதை அக்கம்பக்கம் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

"ஏனுங் சார், நொம்ப நாளா உங்களைய வந்து பாக்கோணும்னு. ஊட்டுக்காரிக்கு நோட்டீஸ் ஒண்ணு நல்லாப் படிச்சவங்க எழுதுனாப்புல வேணுமுங்க. இந்த வைண்டிங்காரி ஏதோ பந்து, கெரவுண்டுனு பொம்பளைகளைத் தூண்டிட்டுத் திரியறாளாமா. நாமளும் அதுக்கு ஏதாச்சும் சொல்லிப்போடலாமுங்க."

பிறகு, எழுந்திருக்கப் போகிறவர்போல் வேட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "படிப்பகத்துக்கு ஒரு கட்டடம், அது என்ற பொறுப்புங்க. எங்கப்பாரு பேர்ல ஹாலு, பக்கத்துலயே உங்க படிப்பகம்."

நான் பீரோவைத் திறந்து அந்த மூன்று தாளை எடுத்தேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படித்துக் காட்டினேன்.

"அட, நல்லாருக்குதுங்களே! மூளைங்கறது உங்களதுங்க சார். ஆனா, இந்தப் பொட்டப் புள்ளைகளுக்கு மூணு நாளுங்கறது வேண்டாங்க. பெரியவங்க ஓட்டுப் போயிரும். பொதுமக்களுக்குன்னு போட்டுருங்க. அப்பறம் கம்பி வேலி என்னத்துக்குங்க? காம்பவுண்டே போட்டுத் தாரேன்."

மூளை உங்களது என்றபோது நான் மறுக்கவில்லை. பெண்களின் மூன்று நாளை அடித்தேன். கம்பி வேலியை அடித்துச் சுற்றுச்சுவர் என்று எழுதினேன். கட்டடம் வேண்டாம் என்ற முதல் வரியை எடுத்துவிட்டுப் படிப்பகத்தையும் ஹாலையும் சேர்த்தேன். விளக்கு, குழாய், நேரம் பிரித்தது, கும்மிக்கு ஒரு வாரம் எல்லாம் அப்படியே இருந்தன. யார் செய்தால் என்ன, நல்லது நடந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன். பெரிய வீட்டுக்காரர் கையில் போனால்தான் ஒரு காரியம் நடக்கும் என்பது எங்கள் ஊரில் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மணி இரண்டு முறை வந்து கேட்டார். அச்சுக்கூடத்தில் நெருக்கடி என்று சொன்னேன். இரண்டாம் முறை அவர் வந்த அன்று காலையே பவுண்டரிக்காரரின் நோட்டீஸ் வீடு வீடாகப் போயிருந்தது. அந்த அம்மணி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "செரிங்க சார், கூட்டத்துல வாயிலயே சொல்லிக்கறனுங்க" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் என்பது படிப்பகத்தின் ஏற்பாடு. வேட்பாளர்கள் எல்லாரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, விளையாட்டுக்கும் கலைக்கும் என்ன செய்வீர்கள் என்று கேட்பது. எனக்கு அதில் பெருமை. ஆரம்பப் பள்ளிக் கூடத்தில் நடந்தது. பேசும் வரிசையை நான்தான் போட்டேன். பவுண்டரிக்காரரின் மனைவி முதலில், இந்த அம்மணி கடைசியில்.

பட்டுச்சேலையில் வந்த வேட்பாளர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பதிலாகக் கணவர் பேசினார். அதை நான் தடுக்கவில்லை. விளக்கு, குழாய், நேரம், கும்மி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கைதட்டல். கடைசியில் அந்த அம்மணி எழுந்தார். கையில் தாள் இல்லை, தாள் என்னிடம் இருந்தது.

"கெரவுண்டுல பொழுதோட வெளக்கு எரியோணுமுங்க" என்று ஆரம்பித்தார்.

"அதையத்தான் அண்ணா மொதல்லயே சொல்லிப்போட்டாருங்க அம்மணி!" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு.

"நேரத்தைப் பிரிச்சுக்கிட்டோம்னா..."

"அதுவும் ஆச்சு! நோட்டீஸப் பார்த்து மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா?"

கூட்டம் முழுதும் சிரித்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். வழக்கில் சாட்சியைப் பார்ப்பதுபோல், நான் ஏதோ சொல்வேன் என்று காத்துக்கொண்டு பார்த்தார். அப்போதுதான் நான் மணியைத் தட்டி, "நேரம் ஆகிறது, புதிதாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்றேன். மேடைத் தமிழில், சுத்தமாகச் சொன்னேன்.

அவர், "பொம்பளைக வெளையாட மூணு நாளுங்க. அது அவியளுதுல இல்லீங்க. அது என்றது" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

பவுண்டரிக்காரரின் மனைவி ஜெயித்தார். பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டத்தில் சிரித்த இரண்டு சந்துக்காரர்கள் ஓட்டை மாற்றிப் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குள் சுவர் எழுந்தது. ஹால் எழுந்தது. அதன் பக்கவாட்டில் படிப்பகம். பவுண்டரிக்காரர் சொன்னபடி செய்தார், அதை மறைக்கமாட்டேன். விளக்கு எரிந்தது, கல்யாணங்களுக்கு. ஹாலுக்குப் பின்னால் மிஞ்சியது பாதி இடத்துக்கும் குறைவு. கேட்டின் சாவியைப் படிப்பகச் செயலாளரிடம் கொடுத்துவைத்தார்கள்.

பெண்கள் நான்கைந்து பேர் ஒரு நாள் படிப்பக வாசலில் வந்து நின்றார்கள். அந்த அம்மணி வரவில்லை. "சார், பொறத்தாண்ட எடத்துல ஒரு மணிநேரம் ஆடிக்கறமுங்க. சாவி குடுங்க."

"கமிட்டியிலே கேட்கணும்மா" என்றேன். கமிட்டி என்றால் நானும், கையெழுத்துப் போடும் நான்கு பேரும். நான் கேட்கவே இல்லை.

அடுத்த வருடம் ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மாவு மில் இருக்கும் தெருவில் இரண்டு கரண்ட் கம்பத்துக்கு நடுவே வலை கட்டி அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வண்டி வரும்போதெல்லாம் வலையை அவிழ்த்து இறக்குவார்கள், போனதும் கட்டுவார்கள். என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் அந்த அம்மணியே கம்பத்தருகே போய் முடிச்சை அவிழ்த்தார். வலை தரையில் விழுந்தது.

"போங்க சார்" என்றார். மரியாதையாகத்தான்.

அந்த வலைமேல் வண்டியை ஏற்றிக்கொண்டு போனேன். அன்று இரவு என் மனைவியிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "இத்தனை நாளும் என்கிட்டச் சொல்லாம இருந்ததுலயே தெரியுது, உங்களுக்குத் தப்புன்னு தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்றாள்.

பரிகாரம் என்று நினைத்து நான் முதலில் செய்தது இன்னொரு தவறு. ஒரு நோட்டீஸ் எழுதினேன். ரிசர்வ் சைட் திட்டம் முழுவதும் அந்த அம்மணி யோசித்தது, நான் திருடிக் கொடுத்தேன், ஊரார் மன்னிக்க வேண்டும் என்று. அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டேன். அச்சடித்து நானே வீடு வீடாகக் கொடுத்தேன். வாங்கியவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள். பவுண்டரிக்காரர் வழியில் காரை நிறுத்தி, "சாருக்கு உடம்பு கிடம்பு நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த அம்மணி நோட்டீசோடு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆரைக் கேட்டு என்ற பேரைப் போட்டீங்க சார்?"

"உங்களுக்கு நான் செஞ்ச அநியாயம் ஊருக்குத் தெரியணும்னு..."

"மின்ன என்றதைய எடுத்து என்ற பேரில்லாம அடிச்சீங்க. இப்ப என்ற பேரைய எடுத்து என்னையக் கேக்காம அடிச்சுப்போட்டீங்க. ரெண்டுலயும் எழுதுனது நீங்கதானுங்களே. அந்தப் பவுண்டரிக்காரரும் எங்க மில்லு மேனேஜரும் ஒண்ணாக் குடிக்கறவங்க. இன்னைக்குக் காத்தால என்னைய வைண்டிங்ல இருந்து வேஸ்ட்டு ரூமுக்கு மாத்திட்டாங்க. தெரியுமுங்களா?"

கழிவுப் பஞ்சைப் பிரிக்கும் அறை அது. தூசிக்குப் பயந்து யாரும் போக விரும்பாத இடம். நான் மேனேஜரிடம் போய்ப் பேசுகிறேன் என்றேன்.

"ஐயோ, போயிராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், எனக்காக வாயத் தொறக்காதீங்க. ஏதாச்சும் செய்யோணும்னா, எங்க வாயால நாங்க பேசறதுக்கு ஒரு எடம் பண்ணிக் குடுங்க. நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

ஹாலையும் இடத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் படிப்பகத்திடம் விட்டிருந்ததால், ரிசர்வ் சைட்டைப் பற்றி முடிவெடுப்பது இப்போது படிப்பகத்தின் ஆண்டுப் பொதுக்குழு. உறுப்பினர்கள்தான் பேச முடியும். எங்கள் படிப்பகத்தில் அதுவரை ஒரு பெண் உறுப்பினர்கூட இல்லை. கூடாது என்று விதி இல்லை, யாரும் கேட்டதில்லை, நாங்களும் அழைத்ததில்லை. புதிய உறுப்பினரைச் சேர்க்கச் செயலாளரின் கையெழுத்து மட்டும் போதும். பதினொரு பெண்களுக்குப் படிவம் கொடுத்தேன். அவர்களே நிரப்பினார்கள். நான் கையெழுத்திட்டேன்.

பொதுக்குழுவில் பெண்கள் பின் பெஞ்சில் வரிசையாக வந்து உட்கார்ந்ததும் சலசலப்பு. "இதென்னங்க, படிப்பகமா, மகளிர் மன்றமா?" என்று ஒரு கிண்டல். அந்த அம்மணி எழுந்தார். இந்த முறை கையில் தாள் இருந்தது, அவர் எழுத்தில். ஹால் இருக்கட்டும், பின்னால் மிஞ்சிய இடத்தில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் பெண்களுக்கு வேண்டும் என்றார்.

"ஏனுங்க அம்மணி, சமைக்கற நேரத்துல பந்தாடுனா ஊட்டுல சோறு ஆரு ஆக்கறது?" என்றார் ஒரு கிழவர்.

"நீங்க இங்க வந்து ரெண்டு மணிநேரம் பேப்பர் படிக்கறப்ப ஆரு ஆக்கறாங்களோ, அவிய ஆக்கட்டுமுங்க."

இந்த முறை கூட்டம் அவரோடு சேர்ந்து சிரித்தது. எனக்கு நாக்கு துடித்தது. அவருக்கு ஆதரவாக இரண்டு வரி, நல்ல தமிழில் சொல்லிவிட வேண்டும் என்று. சொல்லவில்லை. குனிந்து நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன், அவர் சொன்னதைச் சொன்னபடி.

ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு மூன்று நாள் இரண்டு நாளானது. செவ்வாய், வெள்ளி. கல்யாணம் இருந்தால் கிடையாது. சாவியில் ஒன்று அவர்களிடம் இருக்கும். அதே கூட்டத்தில் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். பவுண்டரிக்காரரின் மைத்துனர். என் பெயரை யாரும் முன்மொழியவில்லை. அந்தப் பதினொரு பேரும் முன்மொழியவில்லை. அது நியாயம்தான்.

வேஸ்ட் ரூமிலிருந்து அவர் திரும்பி வைண்டிங்குக்கு வரவே இல்லை. இரண்டு வருடம் கழித்து இருமலோடு வேலையை விட்டு, ஒரு பனியன் கம்பெனிக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அது என் நோட்டீசால் நேர்ந்தது. அதற்கு நான் செய்த பரிகாரம் எதுவும் இல்லை, செய்ய விடவும் மாட்டார். தெருவில் எதிர்ப்பட்டால் "வாங்க சார்" என்பார், நிற்காமல் போய்விடுவார். செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களில் நான் ஹால் பக்கம் போவதில்லை. பாதி இடத்தில் ஆடுவதால் பந்து அடிக்கடி சுவரில் மோதும் என்றும், சுவரில் பட்டாலும் ஆட்டம் உண்டு என்று அவர்களே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள் என்றும் என் மனைவி சொன்னாள். அவள் பன்னிரண்டாவது உறுப்பினராகச் சேர்ந்திருந்தாள்.